கோடியைக் கொட்டாதே பேராண்டி, கோடியில நிக்கிறவனைப் பாரு

டேய் பேராண்டி, மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதே. தோத்தது ஜெட்ஸ், நீ காப்பியைக் குடி. அவனுகளுக்குத் தோக்கறதுக்குச் சம்பளம் உண்டு, உனக்கு அதுவும் கிடையாது. டிக்கெட்டுக்கும் பச்சைச் சட்டைக்கும் கைக்காசைக் கொடுத்துட்டு, துக்கத்தைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு வாங்கிட்டு வர்ற கூட்டத்தை நான் இந்த நியூஜெர்சியிலதான் பாக்குறேன்.

உங்க டீமு கடைசியா சூப்பர் பவுல் ஜெயிச்சது 1969 ஜனவரியில. 2010 சீசனுக்கு அப்புறம் பிளே-ஆஃப் வாசப்படியை மிதிக்கலை. அப்படி இருந்தும் வருசாவருசம் மார்ச் மாசம் ஆள் வாங்குற சந்தை திறந்தா உன் வாயில ஒரே பல்லவி: "அவனை வாங்கணும் தாத்தா, பத்து கோடி டாலர் கொடுத்தாலும் தகும்." கொடுக்கிறது உன் காசா? ஊரான் வீட்டு நெய்யின்னதும் உன் கை எம்புட்டு நீளுது!

எனக்கு இந்த அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பே. நியாயந்தான். பனி கொட்டுது, வெளிய போகாதீங்கன்னு நீயும் உன் பொண்டாட்டியும் என்னைச் சோபாவுல நட்டு வச்சீங்க. எதிர்ல டிவி. முதல்ல அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ பாகப்பிரிவினைத் தகராறுன்னு நெனச்சேன். அப்புறந்தான் விளங்குச்சு. நாலு வாய்ப்புக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு வாய்ப்பு. அதை நடக்க விடாமக் கெடுக்கிறதுக்குன்னே பதினோரு பேரு. அந்தக் கெடுக்கிற கூட்டத்துக்குப் பேரு டிஃபென்ஸ். அடுத்தவன் காரியத்தைக் கெடுக்க ஆள் பிடிக்கிறது எப்படின்னு நீ எனக்குச் சொல்லித் தர வேணாம். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலைப் பூரா நின்னு பாத்தவன் நான்.

அதனால இன்னைக்கு நான் பேசுறேன், நீ கேளு. பிடிக்கலைன்னா கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லிட்டுப் போ.

முதல்ல உன் பத்து கோடிக்கு வருவோம். 2009ல வாஷிங்டன் டீமு ஆல்பர்ட் ஹேய்ன்ஸ்வொர்த்னு ஒரு டிஃபென்ஸ் மலையை வாங்குச்சு. ஏழு வருச ஒப்பந்தம், முழுசா வந்தா பத்து கோடி டாலர். அதுல நாலு கோடிக்கு மேல உத்தரவாதம். விளையாடினாலும் உண்டு, படுத்தாலும் உண்டு. மனுசன் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்துட்டான். அடுத்த வருசப் பயிற்சி முகாம்ல ஓட்டச் சோதனை வச்சாங்க, தேறலை. மறுநாள் வச்சாங்க, தேறலை. கோச்சுக்கும் இவனுக்கும் இதே பஞ்சாயத்தா ஓடுச்சு. கடைசியில 2011ல நியூ இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டாங்க. பதிலுக்குக் கிடைச்சது என்ன தெரியுமா? டிராஃப்ட்ல, அதான் காலேஜுப் பசங்களை டீமுங்க ரவுண்டு ரவுண்டா முறை வச்சுப் பொறுக்கிறதுல, ஒரே ஒரு அஞ்சாம் ரவுண்டு இடம். இந்த அஞ்சாம் ரவுண்டை ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்கோ, அதுல சேதி இருக்கு.

ஊரான் கதை எதுக்கு, உன் வீட்டுக் கதையையே எடுத்துக்குவோம். டாரெல் ரெவிஸ். நல்ல பிள்ளை, பொய் சொல்லக் கூடாது. 2007ல நீங்களே கண்டெடுத்த ஆளு. அவன் நிக்கிற பக்கம் பந்தை எறியவே எதிராளி பயந்தான். 2013ல அவனை டாம்பாவுக்கு வித்தீங்க. அவன் அங்க ஒரு வருசம் இருந்துட்டு, நியூ இங்கிலாந்து போய் உங்க எதிரிக்கு ஒரு கோப்பையும் வாங்கிக் கொடுத்துட்டு, 2015ல திரும்பி வந்தான். அப்ப அஞ்சு வருசத்துக்கு ஏழு கோடின்னு எழுதினீங்க. ரெண்டே சீசன். முப்பத்தொரு வயசுல காலு சொன்ன பேச்சைக் கேக்கலை, 2017 மார்ச்ல அனுப்பி வச்சீங்க. ஆள் மேல குத்தமில்லை. நீங்க கொடுத்த விலை, அவன் முந்தி ஆடின ஆட்டத்துக்கு. நடந்த கல்யாணத்துக்கு இப்பப் போய் மொய் எழுதினா பந்தியில இலை போடுவானாடா?

சரி, கஞ்சனா இருந்துக்கிட்டே கோட்டை கட்டினவன் எவனாவது இருக்கானான்னா, இருக்கான். சியாட்டில். 2009ல பதினாறு ஆட்டத்துல பதினொண்ணைத் தோத்த டீமு. 2010 ஜனவரியில பீட் கரோல்னு ஒரு கோச்சு, ஜான் ஷ்னைடர்னு ஒரு மேனேஜர், ரெண்டு பேரும் வந்து சேந்தாங்க. அடுத்த மூணு டிராஃப்ட்ல அவங்க பொறுக்கினதைச் சொல்றேன், விரல் விட்டு எண்ணிக்கோ.

கேம் சான்ஸ்லர், 2010ல அஞ்சாம் ரவுண்டு, 133வது ஆளு. ரிச்சர்ட் ஷெர்மன், 2011ல அதே அஞ்சாம் ரவுண்டு, 154. பைரன் மேக்ஸ்வெல், ஆறாம் ரவுண்டு, 173. மால்கம் ஸ்மித், ஏழாம் ரவுண்டு, 242. அதுக்குக் கீழ போனா பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற நேரம். பிராண்டன் பிரவுனரை யாரும் டிராஃப்ட்லயே தொடலை. கனடாவுல கால்கரி டீம்ல நாலு சீசன் ஆடிக்கிட்டிருந்தவனைக் கூட்டிட்டு வந்தாங்க. வந்த வருசமே ஆறு இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி எறிஞ்ச பந்தை ஆறு தடவை நடுவுல பறிச்சான். மைக்கேல் பென்னட்டையும் டிராஃப்ட்ல எவனும் கூப்பிடலை.

வியாழக்கிழமை ராத்திரி முதல் ரவுண்டுக்குப் பீட்சா வாங்கி வச்சுக்கிட்டு, கூட்டாளிகளோட ஊளையிடுறியே, அப்ப 32 பேரு பேரைத்தான் கூப்பிடுறான். கோட்டு சூட்டு, கட்டிப்பிடி வைத்தியம், அம்மாக்காரி கண்ணீர், எல்லாம் அன்னைக்குத்தான். நாலுல இருந்து ஏழு வரைக்கும் ரவுண்டு நடக்கிறது சனிக்கிழமை. அன்னைக்கு நீ மத்தியானம் வரைக்கும் தூங்குறே, அப்புறம் பட்டேல் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போறே. சியாட்டில் கோட்டையில பாதிச் சுவரு சனிக்கிழமை எழும்பினது.

"அப்ப அவங்களுக்கு மட்டும் ஞானக்கண்ணா தாத்தா?" அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஷெர்மனை எல்லாரும்தான் பாத்தாங்க. ஸ்டான்ஃபோர்டுல படிச்ச பையன், ஒளிஞ்சா கிடந்தான்? அவன் அங்க முதல்ல பந்து பிடிக்கிற ரிசீவரா இருந்தவன். முழங்கால் அடிபட்டுச்சு, அப்புறம் கார்னர்பேக்கா மாறினான். கார்னர்பேக்குன்னா தெரியுமில்ல, ரெண்டு கோடியிலயும் நின்னு ரிசீவரை மறிக்கிறவன். அந்த வேலையில ரெண்டு வருச அனுபவம்தான். ஆளு ஆறடி மூணு அங்குலம். கார்னர்பேக்குன்னா குள்ளமா, துறுதுறுன்னு, சட்டுன்னு திரும்புறவனா இருக்கணும்னு அப்ப ஒரு சாத்திரம் இருந்துச்சு. இவன் நெட்டைப் பனை. சாத்திரப்படி பாத்தவன் தள்ளிவிட்டுட்டான்.

சான்ஸ்லர் கதையும் அதுதான். அவனும் ஆறடி மூணு, உடம்பு லைன்பேக்கர் உடம்பு. பின்வரிசைக் காவலுக்குக் கனம் ஜாஸ்தின்னான் ஒருத்தன், முன்வரிசைக்குக் கனம் பத்தாதுன்னான் இன்னொருத்தன். ரெண்டுங்கெட்டான்னு முத்திரை குத்தி ஓரங்கட்டிட்டாங்க. பாபி வாக்னர்னு இன்னொருத்தன், அவனுக்கு நிமோனியா வந்துடுச்சு. இண்டியானாபொலிஸ்ல வருசாவருசம் நடக்கிற ஓட்டம், தாண்டல், எடைத்தூக்கல் சோதனைக்கே அவனால போக முடியலை. படிச்சது யூட்டா ஸ்டேட்ல, பெரிய பேர் இல்லாத டீமு. 2012ல ரெண்டாம் ரவுண்டுல, 47வதா கிடைச்சான்.

இப்ப முக்கியமான சங்கதி. மாட்டுச் சந்தைக்குப் போறவன் தன் நிலம் கரிசலா செம்மண்ணா, வண்டிக்கு வேணுமா ஏருக்கு வேணுமான்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போவான். அப்படிப் போறவனுக்குத்தான், மத்தவன் பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு வேணாம்னு விட்ட மாடு அமிர்தமாத் தெரியும். முடிவு பண்ணாமப் போறவன், கொம்புல பெயிண்ட் அடிச்சு, கழுத்துல மணி கட்டின மாட்டை ஓட்டிட்டு வருவான். தரகன் துண்டைப் போட்டு மூடி எந்த விரலைப் பிடிச்சாலும் தலையாட்டுவான்.

கரோல் முதல்லயே முடிவு பண்ணியிருந்தார். பின்னால இருக்கிற மைதானத்தை மூணாப் பங்கு போட்டுக்கிறது. ரெண்டு ஓரப் பங்கு ரெண்டு கார்னருக்கு, நடுப்பங்கு ஒரு சேஃப்டிக்கு. ஆட்டம் தொடங்குற கோட்டுலயே எதிராளி ரிசீவரை மறிச்சு, நெஞ்சுல கை வச்சுத் தள்ளணும். முதல் அஞ்சு கஜத்துக்குள்ள அதுக்குச் சட்டம் இடம் கொடுக்குது. அதைத் தாண்டித் தொட்டா மஞ்சத்துணி பறக்கும். இந்த ஆட்டத்துக்கு வேணுங்கிறது என்ன? சட்டுன்னு திரும்புற காலு இல்ல, நீளமான கை. பக்கத்துல எல்லைக்கோடு இருக்கு, அது சம்பளம் கேக்காத காவக்காரன். ரிசீவரை அந்தக் கோட்டுப் பக்கமா ஒதுக்கிட்டா, ஓட அவனுக்கு வழி ஏது? கை 32 அங்குலம் இருக்கான்னு சியாட்டில் பாத்துச்சு. மத்த டீமுங்க நெட்டையைக் குத்தம்னு எழுதி வச்ச சீட்டை, இவங்க சிபாரிசுக் கடிதமாப் படிச்சாங்க. குத்தமே தகுதியா மாறிட்டா அப்புறம் விலை எங்க இருந்து ஏறும்?

இதுதாண்டா நான் சொல்ல வந்தது. மலிவா நல்ல ஆளு வேணும்னா, முதல்ல நீ எப்படி ஆடப் போறேங்கிறதை முடிவு பண்ணு. உன் ஆட்டத்துக்கு உதவுற குணம் எது, அதை ஊரு எதுக்காக ஒதுக்கி வச்சிருக்குன்னு பாரு. அந்த ரெண்டும் சேர்ற இடத்துல போய் நில்லு. "நல்ல பிளேயர்"னு பொத்தாம் பொதுவாத் தேடினா, அம்புட்டுப் பேரும் அதே ஆளுக்குத்தான் வரிசையில நிப்பான், விலை தன்னால ஏறும்.

ஊரு ஆளை ஒதுக்குறதுக்குக் காரணம் கொஞ்சமா இருக்கு? உயரம் போதாது, உயரம் ஜாஸ்தி, எடை போதாது, சின்னக் காலேஜு, அடிபட்ட காலு, வேலை மாறினவன், வேற நாட்டுல ஆடினவன். ஜான் ராண்டல்னு ஒருத்தன், டெக்சாஸ்ல சின்னக் காலேஜு. 1990ல டிராஃப்ட்ல ஒருத்தனும் கூப்பிடலை. முன்வரிசையில மல்லுக்கட்ட எடை பத்தாதுன்னு தீர்ப்பு. 250 பவுண்டு இருந்தா எடுத்துக்குறோம்னு மினசோட்டாக்காரன் சொன்னானாம். இவன் சட்டைக்குள்ள சங்கிலியை மறைச்சுக் கட்டிக்கிட்டுத் தராசுல ஏறினதாச் சொல்லுவாங்க. அந்தப் பய பின்னால 137.5 சாக் எடுத்தான். அம்புட்டுத் தடவை, பந்தை எறியுற குவார்ட்டர்பேக்கைப் பந்தோட கவுத்தான்னு அர்த்தம். 2010ல ஹால் ஆஃப் ஃபேம்ல சிலை வச்சுட்டாங்க. சங்கிலி கட்டினது தப்புதான், ஒத்துக்குறேன். ஆனா வேலைக்காகச் சங்கிலி கட்டினவனுக்கும், சம்பளம் வந்ததும் சோதனையில தேறாதவனுக்கும் நடுவுல உனக்கு எவன் வேணும்?

அதுக்கும் முந்தி 1952ல டிக் லேன்னு ஒருத்தன். விமானத் தொழிற்சாலையில எண்ணெய் வடியுற தகட்டைத் தூக்கிச் சுமந்துக்கிட்டிருந்தவன். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆபீசுக்கு அவனே நடந்து போய், தான் ஆடின ஆட்டத்தைப் பத்திப் பேப்பர்ல வந்த துணுக்கையெல்லாம் காட்டி வேலை கேட்டான். பந்து பிடிக்கிறவனா வந்தவனை டிஃபென்ஸ்ல நிறுத்தினாங்க. முதல் சீசன்லயே 14 இன்டர்செப்ஷன். அப்ப சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம்தான். இன்னைக்குப் பதினேழு ஆடுறாங்க, இன்னும் ஒருத்தனும் அந்த 14-ஐத் தாண்டலை.

உன் டீமுக்கும் ஒரு தடவை கண்ணு தெரிஞ்சுதுடா, மறைக்கக் கூடாது. 2012ல டேமன் ஹாரிசன், ஐயோவாவுல வில்லியம் பென்னுன்னு ஒரு குட்டிக் காலேஜு, டிராஃப்ட்ல பேரே வரலை. செல்லப் பேரு ஸ்நாக்ஸ். ஆளைப் பாத்தா ஏன்னு கேக்கத் தோணாது. நட்ட நடுவுல, பந்துக்கு நேர் எதிர்ல நிக்கிறவன். அவன் வேலை என்ன தெரியுமா? ஓடிப் போய் யாரையும் பிடிக்கிறது இல்ல. எதிராளி ரெண்டு பேரு சேந்து தள்ளினாலும் நகராம நிக்கிறது. ரெண்டு பேரு இவன்கிட்ட மாட்டிக்கிட்டா, பின்னால நிக்கிற லைன்பேக்கர் ஒருத்தன் மறிப்பில்லாம ஓடி வந்து பந்துக்காரனைச் சாச்சுப்புடுவான். டிவியில பேரு யாருக்கு? சாச்சவனுக்கு. இவன் அடியில மண்ணைக் கவ்விக்கிட்டுக் கிடப்பான், கேமரா நகந்து போயிருக்கும். கணக்குப் புத்தகத்துல ஏறாத வேலை எப்பவும் மலிவாத்தான் கிடைக்கும். எந்தக் குடும்பத்துலயும் இதுதான் கதை, உன் ஆத்தாளைக் கேட்டுப் பாரு.

அந்த ஸ்நாக்ஸை 2016ல கை விட்டீங்க. எங்க போனான்? ஜயன்ட்ஸுக்கு. ரெண்டு டீமுக்கும் அதே மெட்லைஃப் மைதானம்தானே, பஸ்ஸு கூட மாறலை, சட்டையை மட்டும் மாத்தினான். அங்க போய்ச் சேந்த வருசமே நாட்டுலயே சிறந்தவங்க பட்டியல்ல முதல் வரிசை. கண்டுபிடிச்சவன் நீ, கொண்டாடினவன் பக்கத்து வீட்டுக்காரன்.

இப்ப உன் மூஞ்சி பிரகாசமாயிடுச்சே. "அப்ப எல்லாத்தையும் மலிவாவே வாங்கிடலாம் தாத்தா"ன்னு கணக்குப் போடுறே. போடாதே. சியாட்டில் அந்தக் கஞ்சத்தனம் பண்ணலை. நடுப்பங்கைக் காக்கிற சேஃப்டிக்கு 2010ல முதல் ரவுண்டுலயே, 14வது இடத்துல எர்ல் தாமஸை எடுத்தாங்க. ரெண்டு ஓரத்துலயும் நெட்டைப் பசங்க துணிஞ்சு கோட்டுலயே மறிக்க முடிஞ்சதுக்குக் காரணமே, தப்பிப் போனா பின்னால ஓடி வந்து மூடுறதுக்கு அவன் இருந்ததுதான். அவன் நடுவுல இருந்ததாலதான் சான்ஸ்லரை முன்னால கொண்டு வந்து இடிக்க விட முடிஞ்சுது. எல்லாத்தையும் தாங்குற இடம் எதுன்னு பாத்து அங்க முழு விலை கொடுத்தாங்க, மத்த இடத்துல மிச்சம் பிடிச்சாங்க. எது எதுன்னு தெரியாமக் கைய இறுக்கிறவனுக்குப் பேரு சாமர்த்தியசாலி இல்ல, கருமி.

மிச்சம் பிடிச்சது எம்புட்டுன்னு கேளு. 2013ல ஒரு டீமு மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு 12.3 கோடி டாலர். அந்த வருசம் எட்டு இன்டர்செப்ஷன் எடுத்து நாட்டுக்கே முதலாளா நின்ன ஷெர்மனுக்கு ஆன செலவு சுமார் ஆறு லட்சம். நூறு ரூபாயில அம்பது பைசாடா! 2011ல போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துல டிராஃப்ட்ல வர்றவனுக்கு நாலு வருசத்துக்குச் சம்பளத்தைக் கட்டிப்போட்டுட்டாங்க. அந்த நாலு வருசத்துக்குள்ள மிச்சமானதுலதான் டெட்ராய்ட்ல இருந்து கிளிஃப் அவ்ரிலையும், டாம்பாவுல இருந்து பென்னட்டையும் 2013ல கொண்டு வந்தாங்க. இதுல ஒரு வேடிக்கை. பென்னட்டை 2009ல முதன்முதலாச் சேத்ததே சியாட்டில்தான். சேத்த வருசமே கழிச்சு விட்டுட்டாங்க. பழைய மேனேஜர் தூக்கிப் போட்டதைப் புது மேனேஜர் காசு கொடுத்து வாங்கினார். தன் வீட்டுக் குப்பைத்தொட்டியையும் ஒரு தடவை கிளறிப் பாக்கணும்.

பலன் என்னாச்சு? உன் வீட்டுல இருந்து அரை மணி நேரத்துல இருக்கிற அதே மெட்லைஃப் மைதானம். 2014 பிப்ரவரி 2, சூப்பர் பவுல். எதிர்ல டென்வர். அந்த சீசன்ல 606 புள்ளி எடுத்து, என்.எப்.எல். சரித்திரத்துலயே அதுதான் உச்சம்னு மார்தட்டி வந்த டீமு. குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங், 55 டச்டவுன் எறிஞ்சவன். முதல் பந்தே அவன் தலைக்கு மேல பறந்து பின்னால போய், பன்னிரண்டாவது நொடியில சியாட்டிலுக்கு ரெண்டு புள்ளி.

அதை விடு, அது அதிர்ஷ்டம். ரெண்டாம் கால்வாசியில நடந்ததுதான் ஆட்டம். மேனிங் கையை ஓங்குறான். ஓரத்துல இருந்து சுத்தி வந்த அவ்ரில், எறியுற நொடியில அந்தக் கையில இடிச்சான். பந்து ராக்கெட்டாப் போகாம, நூலறுந்த பட்டமா ஆடி ஆடி மேல போச்சு. கீழ நின்னு ஏந்தினவன் எவன்? 242வது ஆளு, மால்கம் ஸ்மித். ஏந்தினவன் நிக்காம 69 கஜம் ஓடிப் போய் டச்டவுன். பாதி ஆட்டத்துக்கு 22க்குப் பூஜ்யம், முடிவுல 43க்கு எட்டு. ஆட்ட நாயகன் பரிசும் அந்த ஏழாம் ரவுண்டுப் பயலுக்கே. 606 புள்ளிக்காரனை எட்டுப் புள்ளியில நிறுத்தினவங்க முக்காவாசிப் பேரு, ஊரு வேணாம்னு ஒதுக்கின சரக்கு.

அத்தோட நிறுத்திக்கிட்டா சுபம். ஆனா நான் உன் தாத்தா, சுபம் போட விட மாட்டேன்.

சியாட்டில் ஆளுங்க பேரு வாங்கினதும் ஊரே வந்து கதவைத் தட்டுச்சு. மேக்ஸ்வெல்லை 2015ல பிலடெல்பியா ஆறு வருசத்துக்கு 6.3 கோடின்னு எழுதித் தூக்கிட்டுப் போச்சு. ஒரே வருசம். அவன் ஆட்டம் அங்க எடுபடலை, அடுத்த மார்ச்ல மயாமிக்குத் தள்ளிவிட்டாங்க. அவங்க வாங்கினது மேக்ஸ்வெல்லை. நடுவுல நிக்கிற எர்ல் தாமஸும், முன்னால மிரட்டுற பென்னட்டும், கரோல் சொல்லிக் கொடுத்த மறிப்பும் சேந்து வரலையே! கொத்துச்சாவியில ஒண்ணை மட்டும் கழட்டிட்டுப் போய் எந்தப் பூட்டைத் திறக்கிறது? மலிவுல கண்டெடுத்தவனை மலிவுலதான் கொண்டாடணும். அடுத்தவன் கண்டெடுத்ததுக்கு நீ உச்ச விலை கொடுத்தா, லாபம் அவனுக்கு, ரசீது உனக்கு.

சியாட்டிலும் தப்பலை. 2015 பிப்ரவரி, அடுத்த சூப்பர் பவுல், எதிர்ல நியூ இங்கிலாந்து. 28க்கு 24ன்னு சியாட்டில் பின்தங்கியிருக்கு, ஆனா டச்டவுன் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். மிச்சம் அரை நிமிசத்துக்கும் கீழ. நீ அப்ப ஆனந்தத்துல குதிச்சிருப்பே, நியூ இங்கிலாந்து தோக்கறதுன்னா உனக்கு அல்வா. வலப்பக்கம் ரெண்டு ரிசீவர் ஒருத்தன் பின்னால ஒருத்தனா நிக்கிறான். முன்னால நிக்கிறவன் இடிச்சு வழி விடணும், பின்னால இருக்கிறவன் உள்ள வெட்டி ஓடிப் பந்தைப் பிடிக்கணும். திட்டம் நல்ல திட்டம். ஆனா முன்னால நின்னவனை அசைய விடாம நெஞ்சுல கை வச்சு ஆணியடிச்சு நிறுத்தினவன் எவன் தெரியுமா? பிராண்டன் பிரவுனர்! கனடாவுல இருந்து சியாட்டில் கூட்டிட்டு வந்த அதே நெட்டையன். முந்தின வருசம் சியாட்டில் விட்டுட்டதும் நியூ இங்கிலாந்து எடுத்துக்கிச்சு. கோட்டுல மறிக்கிறதை அவனுக்குத் தீட்டிக் கொடுத்ததே சியாட்டில்தான். அந்தப் பாடத்தை அவங்களுக்கே திருப்பி ஒப்பிச்சுட்டான்.

பிரவுனர் மறிச்சதுல வழி திறந்துச்சு, ஆனா சியாட்டிலுக்கு இல்ல. பின்னால இருந்து ஒரு புதுப் பய பாஞ்சு வந்து பந்தைப் பிடுங்கிட்டான். மால்கம் பட்லர். டிராஃப்ட்ல பேரு வராதவன், வெஸ்ட் அலபாமா காலேஜு. ஒரு காலத்துல பாப்பாய்ஸ் கடையில கோழி பொரிச்சுக் கொடுத்தவன். சும்மா வந்து ஆடிக் காட்டுன்னு சொல்லி எடுத்த ஆளு. அதே திட்டத்தைப் பயிற்சியில இவன்கிட்டப் போட்டுக் காட்டினப்ப ஏமாந்திருக்கான். ஏமாந்ததை மறக்கலை, அம்புட்டுத்தான். என்.எப்.எல்.ல அவனோட முதல் இன்டர்செப்ஷன் அதுதான். மலிவுல ஆள் பிடிச்சுக் கோட்டை கட்டினவனை, அதைவிட மலிவுல ஆள் பிடிச்சவன் கவுத்தான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதே. அன்னைக்கு அந்த ரெண்டு பக்கமும் நின்ன கோச்சு யாரு? ஒருத்தர் பீட் கரோல். 1994ல உங்க ஜெட்ஸுக்குத்தான் கோச்சா இருந்தார், ஒரே சீசன்ல வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. இன்னொருத்தர் பில் பெலிச்சிக். 2000 ஜனவரியில உங்க ஜெட்ஸுக்குத் தலைமைக் கோச்சு, ஒரே நாள். மறுநாளு ஒரு துண்டுக் காகிதத்துல கிறுக்கிக் கொடுத்துட்டுக் கிளம்பிட்டார். அந்தச் சூப்பர் பவுலுக்குத் தாம்பூலம் வச்சு அழைச்சிருக்க வேண்டியது உங்களைத்தான்!

சரி, கேலி போதும், யோசனை கேளு. ஆகஸ்ட் கடைசியில ஒவ்வொரு டீமும் தொண்ணூறு பேரை அம்பத்து மூணாக் கழிக்கும். 32 டீமுக்கும் கூட்டிப் பாரு, ஆயிரம் பேருக்கு மேல ஒரே நேரத்துல நடுத்தெருவுல நிப்பான். அதுல அனுபவம் குறைஞ்ச பசங்களை எடுத்துக்கிற முதல் உரிமை, போன சீசன்ல மோசமாத் தோத்தவனுக்கு. அந்த விசயத்துல உன் டீமுக்கு இருக்கிற முன்னுரிமையை எவனும் அசைக்க முடியாது. தோல்விக்குச் சர்க்கார் கொடுக்கிற மானியம் மாதிரி வச்சுக்கோ. மானியத்தை வாங்காம விட்டவனை நம்ம பக்கம் நான் பாத்ததே இல்ல.

அங்க போய் யாரைத் தேடணும்? நல்ல டீம்ல, நல்ல ஆளுக்குப் பின்னால நின்னதால வாய்ப்பு வராதவனை. கோச்சு மாறினதால பொருந்தாமப் போனவனை. போன வருசம் கால் அடிபட்டு இந்த வருசம் முழுசாத் தேறினவனை. எதுக்குக் கழிச்சான்னு காரணத்தைக் கேளு. அந்தக் காரணம் உன் ஆட்டத்துக்குப் பொருந்தாதுன்னாத்தான் கையை நீட்டு. பொருந்தும்னா, அவன் மலிவு இல்ல, நட்டம். ஏழாம் ரவுண்டுல வர்ற எல்லாப் பயலும் மால்கம் ஸ்மித் ஆயிட மாட்டான். நிறையப் பேரு அடுத்த வருசம் இன்சூரன்ஸ் விக்கப் போயிடுவான். அதனாலதான் ஒருத்தனை நம்பாமப் பத்துப் பேரைச் சோதிக்கணும். சின்னக் காசுல பத்து தப்புப் பண்ணலாம். பெரிய காசுல ஒரு தப்பு பண்ணினா அஞ்சு வருசம் முழி பிதுங்கும்.

ஆயுசும் தெரிஞ்சுக்கோ. ஷெர்மனுக்கு 2014ல நாலு வருசத்துக்கு 5.6 கோடி கொடுக்க வேண்டி வந்துச்சு. அம்பது பைசாக் கணக்கு அன்னையோட முடிஞ்சுது. 2012ல இருந்து 2015 வரைக்கும் நாலு வருசம் தொடர்ந்து நாட்டுலயே குறைச்சலாப் புள்ளி விட்ட டிஃபென்ஸ் அது. 2018ல ஷெர்மன் சான் பிரான்சிஸ்கோ போயாச்சு, பென்னட் பிலடெல்பியா போயாச்சு, சான்ஸ்லருக்குக் கழுத்து அடிபட்டு ஆட்டமே நின்னு போச்சு. மலிவுல கட்டின கோட்டை மலிவாவே நிலைக்காது. கோட்டை நிக்கிறப்பவே அடுத்த சனிக்கிழமைக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்கணும்.

அதனால வர்ற மார்ச்ல "அவனை வாங்கு"ன்னு கூப்பாடு போடுறதுக்கு முன்னால, உங்க டீமு எப்படி ஆடப் போகுதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் காட்டு. உன்னால எழுத முடிஞ்சா, எந்த ரவுண்டுல எவனைத் தேடணும்னு அந்த வரியே சொல்லும். எழுத முடியலைன்னா, டீமுக்காரனும் காசைப் பையில வச்சுக்கட்டும், நீயும் சட்டை வாங்காம இரு.